நூற்றுக்கு நூறு வாங்கிய ரெஸ்யூம்

கரட்டுப்புதூருக்கு ரோடு பிரியும் பிரிவில் சித்தார்த்தின் பேனர் கட்டப்பட்ட நாளிலிருந்து சபரிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. பேனரில் சித்தார்த் கோட்டு போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பெங்களூர் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தான். "பன்னாட்டு நிறுவனத்தில் பணியமர்ந்த எங்கள் குலவிளக்கே" என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. அந்தக் கோட்டு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. கழுத்தோரம் சித்தார்த்தின் சொந்த டீ ஷர்ட் சிவப்பாக எட்டிப் பார்த்தது. இதைச் சபரி பேருந்துக்கு நின்றவர்களிடமெல்லாம் கைநீட்டிக் காட்டினான். எல்லோரும் பார்த்துவிட்டு, "பையன் லட்சணமா இருக்கறானுங்க" என்றார்கள்.

சித்தார்த் பெரியப்பா மாதேஸ்வரனின் மகன். அதாவது பங்காளி. ஊரில் வேறு யார் முன்னுக்கு வந்தாலும் வயிறு கொஞ்சம் எரிந்துவிட்டு அடங்கும். பங்காளி வந்தால் அடங்காது. இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே மெக்கானிக்கல் வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே அரியரை வைத்தவர்கள். போதாக்குறைக்குச் சித்தார்த் ஒரு மாதம் இளையவன். மூத்தவன் முந்தியிருந்தால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். இளையவன் முந்துவதற்குச் சமாதானம் எங்கே போய்த் தேடுவது?

பிரிவைத் தாண்டாமல் நாமக்கல் போக வழி கிடையாது. நாமக்கல் போகாமல் சபரிக்குப் பிழைப்பும் கிடையாது. அப்பா நாச்சிமுத்து அங்கே லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வெறும் சேசிஸாக, ஓட்டுநர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வரும் வண்டி, கேபினும் பாடியும் பெயின்டுமாக வெளியே போகும். படிப்பு முடிந்ததிலிருந்து சபரி அங்கேதான் அளவெடுத்தான், வெல்டிங் வைத்தான், ஆட்களை வேலை வாங்கினான். ஆனால் அதை அவன் வேலையென்று கணக்கில் சேர்க்கவில்லை. அப்பன் பட்டறையில் நிற்பவனுக்கு எந்த ஊரில் பேனர் வைக்கிறார்கள்?

கம்பெனி வேலைக்காக அவனிடமும் ஒரு ரெஸ்யூம் இருந்தது. ராசிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்தது, நான்கு பக்கம். ரத்த வகை, உயரம், எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சோப்புப் பெட்டி வரைக்கும் அதில் இருந்தது. எங்கெங்கோ அனுப்பினான். ஒருவர்கூட வேண்டாம் என்று பதில் போடும் மரியாதையைக் காட்டவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் அம்மா சௌந்திரம்.

"ரெஸ்யூமு ஒரே பக்கத்துல இருக்கோணுமாமா. உங்க பெரியம்மா சொல்றா. அவளுக்கு அதச் சொல்றப்பவே மூஞ்சில என்ன ஒரு பூரிப்புங்கற! அவ பையனுக்கு ஒரே பக்கத்துல வேல கெடச்சிருச்சு. உனக்கு நாலு பக்கத்துலயும் கெடைக்கல."

"அதென்ன மந்திரமா, பக்கத்தக் கொறச்சா வேல வரும்னு?" என்றார் நாச்சிமுத்து.

"வரும்னு சொல்லிக்குடுக்கறாங்க. அதுக்குன்னே ஹாஸ்டலோட ஒரு அகாடமி இருக்குது. பெரியூட்டுக்காரங்களுக்கு முன்னால நான் தல நிமுந்து நடக்கோணுமா வேண்டாமா?"

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் வேண்டாம் என்று பதில் சொன்னதில்லை.

"ஒரே பக்கம் ரெஸ்யூம் அகாடமி" ஒரு காலத்தில் உறைவிடப் பள்ளியாக இருந்தது. நான்கு மாடி. சுற்றுச்சுவர்மேல் கண்ணாடிச் சில்லு. கரஸ்பாண்டன்ட் தண்டாயுதபாணி மூவரையும் உட்காரவைத்து, தன் கல்விச் சேவையை ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார்.

"ஏனுங்க, பிளஸ் டூவுல செண்டத்த மூட்டை மூட்டையா அள்ளுன எடமுங்க இது. ராங்க் சொல்றத கவர்மென்ட்டு நிறுத்திப்போட்டாங்க. பசங்க வரத்து கொறஞ்சுபோச்சு. கட்டடம் கெடக்குது, கட்டில் கெடக்குது, வாட்ச்மேனுக்குச் சம்பளம் ஓடுது. கோழிப்பண்ணையா மாத்திப்போடலாம்னு பாத்தனுங்க. கோழி டாக்டர் வந்து பாத்துட்டு, கோழிக்குக் காத்து வேணும், இந்தக் கட்டடத்துல சன்னல் பத்தாதுன்னு சொல்லிப்போட்டாரு. அப்பறந்தானுங்க இளைஞர்கள் ஞாபகம் வந்துச்சு."

சௌந்திரம் பயபக்தியோடு தலையாட்டினாள். நாச்சிமுத்து மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார் இதுக்கு முன்னால கம்பெனில எங்கயாச்சும் வேல பாத்திருக்கறீங்களா?"

"நான் பொறந்ததுலருந்து யார்கிட்டயும் வேல கேட்டுப் போனதில்லீங்க. ரெஸ்யூமுன்னு ஒண்ணு எழுதுனதும் இல்ல. அதனாலதான் இந்த சப்ஜெக்ட்ட என்னால நடுநிலையாப் பாக்க முடியுது."

கட்டணம் கட்டியதும் பாடப்புத்தகம் கொடுத்தார்கள். தலைப்பு: "சுருக்கமாக எழுதுவது எப்படி?" நான்கு தொகுதிகள். நான்காவது தொகுதி, முதல் மூன்று தொகுதிகளைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வது எப்படி என்று விளக்கியது. சௌந்திரம் அவற்றை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இத்தன படிச்சா வேல வராம எங்க போயிரும் சாமி" என்று மகனின் தலையைத் தடவினாள். வாட்ச்மேன் சபரியின் போனை வாங்கி ஒரு சாக்குப்பைக்குள் போட்டார். முடிவெட்டுபவர் ஒரே அளவில் தலையை ஒட்ட நறுக்கினார். இருபத்தைந்து வயதில் சபரிநாதன் மறுபடியும் கட்டம்போட்ட சட்டை யூனிஃபார்முக்குள் போனான்.

விடிவதற்கு முன்னால் மணியடிக்கும். எழுந்ததும் ஸ்டடி. பிறகு குளியல், அப்புறம் ஸ்டடி, இடையில் உப்புமா, மறுபடி ஸ்டடி. ரெஸ்யூமின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துறை, ஒரு துறைத்தலைவர். ஆப்ஜெக்டிவ் துறை முதல் மாடி. ஸ்ட்ரெங்த் துறை இரண்டாம் மாடி. டிக்ளரேஷன் துறைக்கும் ஹாபீஸ் துறைக்கும் யார் பெரியவர் என்ற தகராறில் மூன்றாம் மாடி பாதியாகத் தடுக்கப்பட்டிருந்தது. தினம் காலை ஸ்லிப் டெஸ்ட், சாயங்காலம் ரிவிஷன். தப்பெழுதினால் இம்போசிஷன். சபரிக்குப் பக்கத்துக் கட்டில்காரன் ரங்கன் மோகனூர்ப் பக்கம், கல்யாணமானவன், முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தவன். அவன் "சவாலான சூழலில் நிறுவனத்தின் வளர்ச்சியோடு நானும் வளர" என்ற வாக்கியத்தை விரல் வீங்கும்வரை எழுதினான். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வரும் நேரத்தில் அவனுடைய மனைவி தூக்குப்போசியில் கறிக்குழம்போடு வந்து வரிசையில் நிற்பாள்.

"ரங்கனோட கையெழுத்து ரொம்ப மோசங்க. ஊட்ல நீங்க கொஞ்சம் கவனிக்கோணும்" என்று ஆசிரியர்கள் அவளிடம் புகார் சொன்னார்கள். அவளும் கணவனின் காதைத் திருகுவதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றாள்.

முதல் வாரமே ஆப்ஜெக்டிவ் துறைத்தலைவர் வித்யா மேடம் மாதிரி ரெஸ்யூமைக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

"நம்ம சுத்துவட்டாரத்துப் பையன் ஒருத்தர், ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்டுலயே வேல வாங்குன ரெஸ்யூம் இது. நம்ம கரஸ்பாண்டன்ட் சார் கேட்டு வாங்கியிருக்கறாரு. ஒரு எழுத்து மாறாம மனப்பாடம் பண்ணோணும். ஃபைனல் எக்ஸாம்ல இதேதான் வரும்."

ரங்கன் எழுந்தான். "மேடம், இவரு வேற ஆளு, நான் வேற ஆளுங்களே?"

"வேற ஆளா இருக்கறதுனாலதான் உங்களுக்கு வேல கெடைக்கல. உக்காருங்க."

"ஹாபீஸ்ல மட்டுமாச்சும், நான் பந்தயப் புறா வளக்கறனுங்க..."

"சிலபஸ்ல இல்ல. ரீடிங், மியூசிக், ஹெல்ப்பிங் த புவர். இதத் தாண்டி மனுசனுக்கு வேற பொழுதுபோக்கு இருக்கக்கூடாது."

பெயர் எழுதுவதில்தான் வித்யா மேடம் மிகவும் கண்டிப்பாக இருந்தார். "பேர் இருக்கற எடத்துல எக்ஸ் எக்ஸ் எக்ஸ். ஊரு, ஒய் ஒய் ஒய். பத்தாவதுல லெட்டர் ரைட்டிங் எப்படி எழுதுனீங்க? சொந்தப் பேரு எழுதலாமா?"

"எழுதக்கூடாது மேடம்" என்றது வகுப்பு ஒரே குரலில். பொதுத்தேர்வில் கடிதம் எழுதும் கேள்விக்குச் சொந்தப் பெயரும் ஊரும் எழுதினால் விடைத்தாள் யாருடையது என்று தெரிந்துவிடும், மால்பிராக்டிஸ் ஆகிவிடும். அந்தப் பயம் அவர்கள் எல்லோருக்கும் பதினைந்து வயதிலேயே எலும்புக்குள் ஏற்றப்பட்டது. வேலை கேட்கிறவன் தன் பெயரைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சபரி தாளைப் படித்தான். மெக்கானிக்கல். தன்னுடைய கல்லூரி. தன்னுடைய வருடம்.  கடைசியில் இருந்த செல்போன் எண்ணைப் பார்த்தான். சந்தேகமே இல்லை, சித்தார்த்தின் நம்பர். பெயரையும் ஊரையும் மறைத்தவர்கள் போன் நம்பரை மறைக்கவில்லை. அவர்கள் காலத்துக் கடிதங்களில் போன் நம்பர் கிடையாது. அதனால் அதை என்ன செய்வது என்று விதியும் கிடையாது.

"மேடம், இது என்ற பெரியப்பா பையன் நம்பருங்க. இந்த எடத்துல எங்க நம்பர எழுதிக்கலாமுங்களா?"

"அது வேல வாங்குன நம்பரு. உங்க நம்பரு இதுவரைக்கும் எங்கயாச்சும் வேல வாங்கியிருக்குதா?"

சபரி உட்கார்ந்தான். உண்மையிலேயே வாங்கியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு நரகம் தொடங்கியது. விடியற்காலையில், பல் விளக்கின ஈரம் காய்வதற்குள், நூற்றுக்கும் மேற்பட்ட வாலிபர்களும் பெண்களும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சித்தார்த்தை ஒப்பிப்பார்கள். ஒருபுறம் பெண்கள், ஒருபுறம் ஆண்கள், நடுவில் பிரம்போடு வாட்ச்மேன். சித்தார்த்தின் மதிப்பெண். சித்தார்த்தின் தலைமைப் பண்பு. சித்தார்த்தின் நேரந்தவறாமை. பிரிவில் பேனரை மட்டும் பார்த்துப் பொருமியவன், இங்கே அவனைப் பாராட்டித் தினமும் தோத்திரம் பாடவேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். "கல்லூரி ஆண்டு விழாவில் குடிநீர்க் குழுத் தலைவர்" என்ற வரிதான் அவனை வதைத்தது. அன்றைக்குத் தண்ணீர் கேன்களைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏற்றியவன் சபரி. தலைவர் கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் வாயைப் பிளந்து தூங்கினார். சபரி அவர் மேல் வெயில் வராமல் பைக்கைக்கூடக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனான்! அந்தத் தூக்கத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. கேன் தூக்கியவன் அந்தத் தூக்கத்தை மனப்பாடம் பண்ணுகிறான்.

ஆனால் ஒன்று. மற்றவர்கள் தாளைப் பார்த்துப் படித்தார்கள். சபரி வயிற்றெரிச்சலில் படித்தான். அதனால் அவனுக்கு ஒரு கமாகூட மறக்கவில்லை. ஸ்லிப் டெஸ்ட், மாடல் டெஸ்ட் எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண் அவன்தான். வித்யா மேடம் அவனுடைய தாளை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சபரிநாதன் ஒன்றில் முதலாவதாக வந்தான். சித்தார்த்தாக இருப்பதில்.

இடையில் ஒருநாள் அவன் துணிந்து கரஸ்பாண்டன்ட் அறைக்குள் போனான். "சார், ஒரே ஒரு வரி சேத்துக்கறனுங்க. லாரி பாடி கட்டற பட்டறைல வேல பாத்திருக்கறேன்னு. அது நெசமுங்க."

தண்டாயுதபாணி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நெசமெல்லாம் ஊட்டோட வெச்சுக்கோணும் சாமி. ரெஸ்யூம்ல நெசத்துக்கு எடம் இருந்தா நாங்க ஏன் நாலு வால்யூம் போடறோம்? ஒரு வரி சேத்துனீன்னா அடுத்த பக்கத்துக்குப் போயிரும். நம்ம அகாடமி பேரே ஒரே பக்கம். என்ற போர்ட மாத்தச் சொல்றயா?"

போர்டை மாற்றச் சொல்லும் அளவுக்குச் சபரி கெட்டவன் இல்லை. திரும்பி வந்துவிட்டான்.

ஃபைனல் எக்ஸாம் அன்று நிஜமாகவே ஒரு கம்பெனி வந்தது. ராசிபுரத்துப் பக்கம் புதிதாக டிரெய்லர் தயாரிக்கும் தொழிற்சாலை. அதன் மனிதவள அதிகாரி ரமேஷ்குமார் சந்தனமாலையோடு மேடையில் உட்கார்ந்தார். தேர்வில் எழுதும் ரெஸ்யூம்களையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. தண்டாயுதபாணி அவரைப் பேச அழைத்தார்.

"எங்களுக்குத் தேவை ஒரே ஒரு மேற்பார்வையாளர்" என்றார் ரமேஷ்குமார். "சும்மா சொல்லலீங்க, லாரி பாடி வேலை தெரிஞ்ச மெக்கானிக்கல் பையன் ஒருத்தன் கெடைச்சா நாளைக்கே சேர்த்துக்குவோம். இன்டர்வியூகூட வேண்டாம். அப்படி ஒருத்தன்தான் எங்கயும் கெடைக்க மாட்டேங்கறான்."

சபரி நிமிர்ந்து உட்கார்ந்தான். எழுந்து கையைத் தூக்கலாமா என்று பார்த்தான். எக்ஸாம் ஹாலில் கையைத் தூக்கினால் கூடுதல் தாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதற்குள் தண்டாயுதபாணி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கம்பெனி வரும் போகும். மார்க்குதான் நிரந்தரம். இன்னிக்கு நூத்துக்கு நூறு வாங்கற மாணவருக்கு அவங்கவங்க ஊருப் பிரிவுல பத்துக்கு எட்டு சைஸ்ல பேனர் வெப்போம். ஒரு வரி கூடப் போட்டா பத்து மார்க் போயிரும். நம்பர் கிம்பர் மாத்துனா அஞ்சு மார்க்கு. பாத்து எழுதுங்க."

பத்துக்கு எட்டு! சித்தார்த்தின் பேனர் எட்டுக்கு ஆறு. சபரி அதை ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் முழம் போட்டு அளந்திருந்தான்.

தாள் கொடுத்தார்கள். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எழுதினான், ஒய் ஒய் ஒய் எழுதினான். மடமடவென்று கை தானாக ஓடியது. குடிநீர்க் குழுத் தலைவரைத் தாண்டியதும் பேனா நின்றது. அந்த இடத்தில் ஒரு வரிக்கு இடமிருந்தது. "லாரி பாடி" என்று எழுதினால் போதும், மேடையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார். நாளைக்கே வேலை. வீட்டிலிருந்து பைக்கில் போய் வரலாம். அடியில் தன்னுடைய நம்பரை எழுதினால் கூப்பிடுவார். மார்க்தான் போகும். மார்க் போனால் பேனர் போகும்.

வேலை கிடைத்தால் ஊருக்கு எப்படித் தெரியும்? அவன் மட்டும் போய் வருவான், சம்பளம் வாங்குவான். பிரிவில் சித்தார்த் அதே சிரிப்போடு நிற்பான். பெரியப்பா டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நம்ம சபரியும் இங்கயே பக்கத்துல ஏதோ ஃபேக்டரிக்குப் போறானாமா" என்பார். அந்த "ஏதோ" சபரியின் காதில் இப்போதே விழுந்தது. பத்துக்கு எட்டில் தன் முகம் சித்தார்த்தின் முகத்துக்குப் பக்கத்தில், ஒரு முழம் மேலே நிற்பதை நினைத்துப் பார்த்தான். 

ரமேஷ்குமாரை ஒருமுறை பார்த்தான். அவர் மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி மோந்துகொண்டிருந்தார். சபரிநாதன் குனிந்து, ஒரு எண் பிசகாமல், சித்தார்த்தின் செல்போன் நம்பரை எழுதினான்.

நூற்றுக்கு நூறு வாங்கினான்.

சொன்னபடி பேனர் வந்தது. அகாடமி அவனுடைய விடைத்தாளையும் ஒரு போட்டோவையும் ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பியிருந்தது. கடைக்காரர் நேர்மையானவர், தாளில் இருப்பதை மட்டும் அச்சடித்தார். பத்துக்கு எட்டு அளவில் கோட்டு போட்ட சபரி பிரிவில் நின்றான். முகத்துக்குக் கீழே "எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய். 100/100" என்று இருந்தது. "வாழ்த்துவதற்குத் தொடர்புகொள்க" என்று போட்டு அடியில் சித்தார்த்தின் நம்பர்.

"பேர வுட்டுப்போட்டாங்களே" என்றார் நாச்சிமுத்து.

"மொகம் நம்மளுதுதான? பெரியூட்டுக்காரங்களுக்கு மொகந் தெரியாதா?" என்றாள் சௌந்திரம். அவள் அன்றைக்கு மட்டும் பால் வாங்க, உப்பு வாங்க, ஒன்றுமே வாங்காமலிருக்க என்று பலமுறை பிரிவுக்குப் போய் வந்தாள். மாதேஸ்வரன் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டபோது சபரிக்குக் கறிச்சோறு சாப்பிட்டதுபோல் இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட ஓடவில்லை. சித்தார்த் மூட்டை முடிச்சோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். ராசிபுரத்து டிரெய்லர் கம்பெனியில் அவனுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்துவிட்டதாம். பெங்களூரில் ஆள் குறைக்கும் பட்டியலில் அவன் பெயர் இருந்ததாம், வீட்டில்கூடச் சொல்லாமல் அறைக்குள் படுத்துக் கிடந்தானாம். கடவுள் மாதிரி ஒரு போன் வந்ததாம். சபரியின் பேனரைப் பார்த்துத் தன்னை வாழ்த்த யார்யாரோ கூப்பிட்டதில் அந்தப் போனை எடுக்காமலே விட இருந்தானாம்.

நாச்சிமுத்து மகனை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராக அகாடமிக்குப் போனார்.

"கைகுடுங்க!" என்று தண்டாயுதபாணி எழுந்து வந்தார். "நம்ம அகாடமி ரெஸ்யூம் செலக்ட் ஆயிருச்சு. தம்பி எழுதுனது, ரங்கன் எழுதுனது, எல்லாத்தோடதுமே செலக்ட்டு. நூறு பர்சன்ட் ரிசல்ட்."

"வேல என்ற பையனுக்கு வரலீங்களே?"

"நாங்க ரெஸ்யூமுக்குத்தானுங்க பொறுப்பு. ஆளு வேற டிபார்ட்மென்ட்."

நாச்சிமுத்து நாற்காலியை விட்டு நகர மறுத்ததால் தண்டாயுதபாணி ரமேஷ்குமாரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அற்புதமான கேண்டிடேட் சார்" என்றார் ரமேஷ்குமார். "எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு பேரு ஒரு மாதிரி இருந்தாலும், ஒரே வேலைக்கு நூத்துக்கும் மேல விண்ணப்பம் போட்டிருக்கார். ஒவ்வொண்ணும் வேற வேற கையெழுத்துல! இந்த விடாமுயற்சியை எங்க மேனேஜிங் டைரக்டரே பாராட்டினார்."

சபரி போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். "சார், அதுல ஒண்ணு நான் எழுதுனதுங்க. எனக்கு லாரி பாடி வேல தெரியுமுங்க. எங்கப்பா பட்டறையே அதுதானுங்க."

"அப்படியா? அதை ரெஸ்யூம்ல எழுதியிருக்கலாமே தம்பி? ரெஸ்யூம்ல இல்லாத அனுபவத்தை நாங்க அனுபவமா எடுத்துக்கறதில்ல."

"நீங்க வேலைக்கு எடுத்தவருக்கும் அந்த வேல தெரியாதுங்களே?"

"தெரியாது. அதனாலதான் ஒரு மாசம் பயிற்சிக்கு அனுப்பறோம். நாமக்கல்ல நல்ல பட்டறையா ஒண்ணு தேடறோம். உங்களோடதுன்னு சொன்னீங்களே, அட்ரஸ் சொல்லுங்க."

பங்காளியாக இருந்தாலும் கேட்டு வந்தவனை வாசலில் நிறுத்துவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. திங்கட்கிழமை சித்தார்த் பட்டறைக்கு வந்துவிட்டான். சட்டை மடிப்புக் கலையாமல், ஒரு சேசிஸுக்குப் பக்கத்தில் எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றான். நாச்சிமுத்து ஒரு வெல்டிங் கண்ணாடியை எடுத்து மகனிடம் நீட்டினார். "சொல்லிக் குடு" என்றார்.

சித்தார்த் கண்ணாடியைச் சபரியிடமிருந்து வாங்கிக் கையில் வைத்துத் திருப்பினான். வேறு எதையோ கேட்கத்தான் அவன் அவ்வளவு நேரமாக வாயை மென்றுகொண்டிருந்தான்.

"ஏண்டா சபரி, பிரிவுல உன்ற பேனரு... எத்தனைக்கு எத்தன?"

"பத்துக்கு எட்டு."

"என்றது எட்டுக்கு ஆறுதான்" என்றான் சித்தார்த். அவன் முகம் தொங்கிப்போனது. "அது என்ற ரெஸ்யூம்தானடா? அதுல ஒரு ஓரத்துலயாச்சும் என்ற பேரப் போட்டிருக்கலாமல்ல?"

"பேரு போட்டா மார்க்கு போயிரும்டா."

சொல்லி முடிக்கும்போதே சபரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று ஆனது. சித்தார்த்துக்குப் பொறாமை! வேலையை வாங்கியவன் நின்றுகொண்டு இவனைப் பார்த்துப் பொருமுகிறான். இத்தனை நாள் எரிந்ததற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு நிமிடம் போதும்போல் இருந்தது. அந்த உற்சாகத்தில் அவன் சேசிஸைச் சுற்றி வந்து, எங்கிருந்து அளவெடுப்பது, கிராஸ் பீம் எங்கே வரும், எந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் லோடு ஏறும்போது விரிசல் விடும் என்று தனக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்டினான். சித்தார்த் போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். புரியாததை இரண்டாவது முறையும் கேட்டான். சபரி சலிக்காமல் சொல்லிக்கொடுத்தான். இதே உற்சாகம் மாதக் கடைசி வரைக்கும் தாங்கியது.

கடைசி நாள் சாயங்காலம் சித்தார்த் கைகழுவிவிட்டு வந்து, பையிலிருந்து கம்பெனி கொடுத்த அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். நாளையிலிருந்து தொழிற்சாலைக்குப் போகவேண்டும். "வாரேன் சித்தப்பா" என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிக்கொண்டு, பைக்கை உதைத்து வெளியே திருப்பினான். காற்றில் அட்டை சுழன்று சபரியின் பக்கம் திரும்பியது.

அளவில் அது உள்ளங்கைக்குள் அடங்கும். முகம் சின்னதாகத்தான் இருந்தது. கோட்டுகூடக் கிடையாது. ஆனால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெயர் இருந்தது.